விலையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன்

இன்று காலை வேலை தொடங்குவதற்கு உன் ஹெட்செட்டை எடுத்து மாட்டினேன். வலப்பக்கப் பஞ்சு கிழிந்தபோது உன் அம்மாவின் பழைய சேலையில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றித் தைத்தாயே, அந்தத் துணியில் இன்னும் உன் தலை எண்ணெய் மணக்கிறது. தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சின மணம். மாரிக் குளிருக்கோ என்னவோ, இன்று கொஞ்சம் கூடவே மணந்தது. அதே நேரம் வெளியே வாய்க்கால் ரோட்டால் ஆடைத் தொழிற்சாலை பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது.

நான் அதில் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

"நீ ஏன் அதில இருக்கோணும்?" என்று கேட்பாய். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாதுதானே. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அப்பா உழவு மெசினிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து கிடந்த காலம் அது. அவர் எழும்பி நடக்கத் தொடங்கிய பிறகும் நான் திரும்பிப் போகவில்லை. வகுப்பில் எழும்பி நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது எனக்கு அவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது. நீ படிப்பை விட்டதற்குக் காரணம் வேறு. உனக்குப் பின்னால் படிக்க இரண்டு தம்பிமார் இருந்தார்கள். வீட்டில் சும்மா இருந்த என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் கிளிநொச்சியில் அந்த இலவசக் கணினி வகுப்பில் சேர்த்தவள் நீ. பெயர் பதிந்த ஐயா என்னிடம் ஏதோ கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். நீ சொன்னாய்:

"இவவுக்குக் கை இருக்கு சேர், வாய் இல்லை. எனக்கு வாய் இருக்கு, கை சரியில்லை. ரெண்டு பேரையும் ஒரு ஆளா எண்ணுங்கோ."

அப்படியே ஒரு ஆளாகத்தான் வேலையும் தொடங்கினோம். எங்கேயோ இருக்கும் ஒருவருடைய கடைக்கு இங்கே வட்டக்கச்சியில் இருந்துகொண்டு உதவியாளராக இருப்பது. வாடிக்கையாளர் அனுப்பும் செய்திகளுக்குப் பதில் போடுவது, ஓடர் குறிப்பது, பில் அனுப்புவது, படங்களைத் திருத்திப் பக்கத்தில் போடுவது. தட்டுவது நான். கதைப்பது நீ. எங்கள் முதல் வேலை வவுனியாவில் ஒரு புடவைக் கடைக்கு. அவர்கள் போனில் விலை கேட்டபோது நீ ஒரு தொகையைச் சொன்னாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாய். நான் எப்போதாவது குறுக்கே கதைத்தவளா? ஆனாலும் வைத்தாய். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அந்த முதலாளி, "சரி, தொடங்குங்கோ" என்றார்.

போனை வைத்ததும் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "விலையைச் சொல்லிப்போட்டு வாயைப் பொத்தோணும். திரும்ப வாயைத் திறந்தால் நாங்களே குறைச்சுப்போடுவம்." பிறகு என் தலையில் தட்டி, "உனக்கென்ன, ஊமைக்கோட்டான். பாதி வித்தையைப் பிறக்கேக்கையே படிச்சுக்கொண்டு வந்திட்டாய்" என்றாய்.

இதை உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் வயல் வரம்பில் நின்று நீயாகப் பிடித்துக்கொண்டாய் என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் சின்னப்பிள்ளைகள். களை பிடுங்க உன் அம்மாவும் இன்னும் சில பெண்களும் வந்திருந்தார்கள். என் அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு, "பாக்கியம், நீ யோசிக்காதை. பின்னேரம் நான் பாத்துத் தருவன்தானே" என்றார். உன் அம்மா, "சரிங்கம்மா" என்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சேற்றில் கால் வைக்கப் போனார். பின்னால் நின்ற நீ கேட்டாய்:

"எவ்வளவு அன்ரி? இப்பவே சொன்னால் நல்லம்."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா, "சும்மா இரு புள்ள" என்று உன் காதைத் திருகினார். என் அம்மா, "பாரன் இந்தக் குஞ்சின்ர வாயை!" என்று அதைக் கோயிலடி வரைக்கும் கொண்டுபோய்ச் சொல்லிச் சிரித்தார். அன்று பின்னேரம் அம்மா கொஞ்சம் காசும், ஒரு சுளகு அரிசியும், தேங்காயும், என் பழைய சட்டை ஒன்றும் கொடுத்து அனுப்பினார். ஏமாற்ற வேண்டும் என்று அம்மா நினைக்கவேயில்லை. மனதில் வந்ததைக் கொடுத்தார். அவ்வளவுதான். அடுத்த முறை நீ அந்தச் சட்டையோடு வந்து சொன்னாய்: "உன்ர சட்டை எனக்கு வடிவாத்தான் இருக்கு. ஆனா அம்மா அண்டைக்குச் சட்டைக்குக் குனியேல்லை."

எங்கள் வீட்டில் இதெல்லாம் வேறு மாதிரி. "நாங்கள் வாய் திறந்து காசு கேக்கிற ஆக்களில்லை" என்பது அம்மாவின் பெருமை. அப்பா உழவுக்குப் போனாலும், "விரும்பினதைத் தாங்கோ" என்றுதான் சொல்வார். யாராவது குறைவாகத் தந்தால் வீட்டுக்கு வந்து இரவு முழுக்க முணுமுணுப்பார். அடுத்த முறையும் அதையே சொல்வார். நானும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. விலை சொல்வது எனக்கு வராததற்கு என் கூச்சம் பாதிக் காரணம். மற்றப் பாதி, அது கௌரவமில்லாத வேலை என்று எனக்குள்ளே யாரோ சொல்லிக்கொண்டிருந்தது.

அதனால்தான் கனடா அக்காவின் விஷயத்தில் உன்னிடம் அவ்வளவு பேச்சு வாங்கினேன். அவர் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். அங்கே வீட்டில் பலகாரம் செய்து கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு என்று விற்பவர். தனக்கு உதவிக்கு ஆள் தேவை என்றதும் அம்மாதான் என்னைப் பற்றிச் சொன்னார். முதல் நாள் போனில் அக்கா தானாகவே கேட்டார், "மாசம் எவ்வளவு பிள்ளை தரோணும்?" என்று. நான் வாயைத் திறக்கும் முன் அம்மா போனைப் பறித்து, "விரும்பினதைத் தாங்கோ பிள்ளை, எங்களுக்குள்ள என்ன கணக்கு" என்றார். வாசல் படலையடியில் நின்ற நீ நெற்றியில் அடித்துக்கொண்டாய்.

"அவாவே கேட்டவாவடி! கேக்கிறவவுக்குக் கூட விலை சொல்லாத சனத்தை நான் இப்பதான் பாக்கிறன்."

அதன் பிறகு காசு அக்காவின் நினைவைப் பொறுத்து வந்தது. சில மாதம் வந்தது. சில மாதம் காசுக்குப் பதிலாகப் பார்சல் வந்தது. முதல் பார்சலை உடைத்து நாங்கள் கட்டிலில் பரப்பி வைத்தோம். சொக்லேற், ஷாம்பூ, இரண்டு கம்பளிச் சட்டை. வட்டக்கச்சி வெயிலுக்குக் கம்பளிச் சட்டை! நீ ஒன்றைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் போய் என் அம்மாவிடம் கேட்டாய்:

"அன்ரி, இந்தச் சொக்லேற்றைக் கரைச்சுக் குழம்பு வைக்கேலுமே? டேட்டாவுக்கு ஷாம்பூவை ஊத்திப் பாப்பமே?"

"உனக்கு வாய்க்கொழுப்பு" என்று அம்மா அகப்பையை ஓங்கினார். ஆனால் சிரித்தார்.

உனக்கு அக்கா மேல் கோபமே வரவில்லை. "அவா பிழையில்லை. எங்கட ஓடர் வேலை எவ்வளவு எண்டு கனடாவில இருக்கிறவவுக்கு எப்பிடித் தெரியும்? நாங்கள்தான் சொல்லோணும்" என்றாய். எனக்காக நீ கேட்கட்டுமா என்றாய். நான் வேண்டாம் என்றேன், அம்மா என்னை ஏசுவா என்றேன். நீ என்னை வற்புறுத்தவில்லை. "சரி. உன்ர சொந்தம், உன்ர வாய். திறக்கேக்க சொல்லு, நான் வந்து பாக்கிறன்" என்றாய்.

போன மாரியில் உனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. முதலில் மழைக் காய்ச்சல் என்று நினைத்தோம். ஆஸ்பத்திரியில் இருந்து நீ அனுப்பிய கடைசிக் குரல் பதிவில்கூட வேலைதான்: "ஓடர் ஒண்டும் தவறவிடாதை. வாயைத் திறக்காட்டிலும் கண்ணைத் திறந்து வச்சிரு." அதற்கு மேல் இதை எழுத எனக்கு வராது.

இரண்டு பேரின் வேலையை நான் ஒருத்தி செய்தேன். நீ குரலில் சொன்னதையெல்லாம் நான் எழுத்தில் சொல்லப் பழகினேன். அக்காவின் வியாபாரம் நன்றாக வளர்ந்தது. "நீ இல்லாட்டி என்ர கடை இல்லை பிள்ளை" என்று அடிக்கடி சொல்வார். உண்மையாகத்தான் சொல்வார். காசு மட்டும் முந்தின மாதிரியே, விரும்பின நேரம் விரும்பின அளவு. நெல்லுக்கு மருந்தடிக்கவும் அப்பாவின் இடுப்பு வலிக் குளிசைக்கும் காசுத் தட்டுப்பாடு வந்தபோது அம்மா ஒரு நாள் சொன்னார்:

"கார்மென்ற்ஸில ஆள் எடுக்கினமாம். அடுத்த மாசம் நீயும் போ. மாசம் முடியச் சம்பளம் எண்டு ஒண்டு கைக்கு வரும்."

எங்கள் ஒழுங்கை வீடுகளிலிருந்து எத்தனையோ பேர் அந்தத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள், பிழைக்கிறார்கள். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் அத்தனை பேர் நிறைந்த பஸ்ஸையும் மண்டபத்தையும் நினைத்தாலே பயம். அதோடு, இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நான் நன்றாகச் செய்யும் ஒன்று இது மட்டும்தான். அம்மாவிடம் கேட்டேன்:

"இந்த வேலைக்கே ஒழுங்காச் சம்பளம் வந்தா?"

"வந்தாப் போக வேண்டாம். ஆனா ஆர் கேக்கிறது? நீயோ?"

அம்மா அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

கேட்பதற்கு முதலில் எனக்கே என் விலை தெரிய வேண்டுமே. நீ இருந்தால் வானத்தைப் பார்த்து ஒரு தொகை சொல்லியிருப்பாய், அது சரியாகவும் இருந்திருக்கும். நான் யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தட்டும் நேரத்தை மட்டும் பார்த்தால் வேலை கொஞ்சமாகத்தான் தெரிந்தது. ஆனால் ஓடர் வரும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு வேறொன்றும் செய்யாமல் இருந்த நேரம் எத்தனை! அதுவும் வேலைதான் என்று அப்போதுதான் விளங்கியது. டேட்டா என் காசு. கரண்ட் அப்பாவின் காசு. இந்தப் பழைய மடிக்கணினி ஒரு நாள் கண்ணை மூடும். எனக்கும் ஒரு நாள் காய்ச்சல் வரும்.

கணினி வகுப்பில் எங்களோடு படித்த வவுனியாப் பிள்ளை நினைவிருக்கிறதா, எந்நேரமும் இருமிக்கொண்டு இருப்பாளே. அவளும் இதே வேலைதான் செய்கிறாள். மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கேட்கட்டுமா என்று அவளுக்கு எழுதினேன். "கேக்காதை" என்று உடனே பதில் வந்தது. "முதல் நாள் பாதி நாள் எடுத்த வேலையை இப்ப நீ தேத்தண்ணி ஆற முந்தி முடிச்சுப்போடுவாய். மணித்தியாலக் கணக்கெண்டால் கெட்டிக்காரியா வந்ததுக்கு நீதான் நட்டப்படுவாய். மாசத்துக்குச் சொல்லு. என்னென்ன வேலை எண்டும் சொல்லு. அதுக்கு மேல வந்தால் தனிக் காசு எண்டும் சொல்லு."

இன்னொன்றும் அவளிடம் கேட்டேன். நாங்கள் வன்னியில் இருக்கிறோம், எங்களுக்குச் செலவு குறைவு, அதற்கேற்ற மாதிரிக் குறைத்துத்தானே கேட்க வேண்டும் என்று. அவள் எழுதினாள்: "நீ வன்னியில இருக்கிறாய் எண்டு அவவுக்கு ஓடர் பாதியாவே வருது?" அதை வாசித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். உன்னுடைய வாயை யாரோ இரவல் வாங்கியது போல இருந்தது.

கடைசியில் தொழிற்சாலையில் ஒரு பிள்ளை மாதம் எடுக்கும் சம்பளத்தை அடியில் வைத்தேன். அதன் மேல் அதில் பாதியைச் சேர்த்தேன். நான் பழகியெடுத்த ஆங்கிலத்துக்கும், படம் செய்யும் வேலைக்கும், பிழை விடாமல் ஓடர் குறிப்பதற்கும் அந்தப் பாதி. அந்தத் தொகையை வாயால் சொல்லிப் பழக வேண்டுமே! கொட்டிலுக்குப் போய் மாட்டிடம் சொல்லிப் பார்த்தேன். அது அசைபோட்டுக்கொண்டே கேட்டது. குறைக்கச் சொல்லவில்லை.

அக்காவுக்கு இரவும் எங்களுக்குக் காலையுமாக இருக்கும் நேரத்தில் அவர் வழக்கம்போல அழைத்தார். நான் உன் ஹெட்செட்டை மாட்டியிருந்தேன். அம்மா குசினி வாசலில் நின்றார். ஓடர்களைக் கதைத்து முடித்த பிறகு, "அக்கா, ஒரு கதை இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சொல்லு பிள்ளை."

"அடுத்த மாசம் தொடக்கம் நான் சம்பளத்துக்குச் செய்யலாமெண்டு இருக்கிறன். இப்ப செய்யிற வேலை எல்லாத்துக்கும் மாசம்..." என்று தொகையைச் சொன்னேன்.

சொல்லிவிட்டு வாயைப் பொத்தினேன். உண்மையாகவே கையால் பொத்தினேன்.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எங்கேயோ ஒரு பாத்திரம் கழுவும் ஒலி மட்டும் கேட்டது. என் அம்மா கண்ணை உருட்டி, கையை ஆட்டி, ஏதாவது சொல்லு, சும்மா சொன்னனான் என்று சொல்லு என்று சைகை காட்டினார். நான் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க எல்லோரும் என்னிடம் குறையாகச் சொன்ன ஒன்றைத்தான் அப்போது செய்துகொண்டிருந்தேன். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

"பிள்ளை, லைனில இருக்கிறியோ?"

"ஓம் அக்கா, இருக்கிறன்."

மறுபடியும் பாத்திரம் கழுவும் ஒலி. பிறகு அக்கா கேட்டார்:

"கொஞ்சம் குறைக்கேலாதோ?"

"வேலையைக் குறைக்கலாம் அக்கா. படம் செய்யிறதை நீங்கள் பாத்தால் அதுக்கு உரியதைக் கழிக்கலாம்."

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. அக்கா சத்தமாகச் சிரித்தார்.

"ஐயோ, எனக்கு அந்தப் படம் செய்யத் தெரியாது! உன்ர அம்மா நீ வாய் பேசாத பிள்ளை எண்டெல்லோ சொன்னவா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி பிள்ளை. இங்க ஒரு ஆளைப் பிடிச்சால் இதுக்கு எத்தினையோ மடங்கு குடுக்கோணும், அது எனக்குத் தெரியும். அண்டைக்குக் கேட்டனான், அம்மா கணக்கு வேண்டாமெண்டவா. திரும்பக் கேட்டால் அவாவுக்கு மனம் நோகுமோ எண்டு நானும் விட்டிட்டன். இனி மாசம் பிறக்கக் காசு வரும். ஞாயிற்றுக்கிழமையும் நிப்பியோ?"

"ஞாயிறு இல்லை அக்கா."

அதுவும் நான்தான் சொன்னேன். நம்புகிறாயா?

போனை வைத்தேன். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அம்மா கிட்ட வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். "கோவிக்கேல்லையோ அவா?" என்று மட்டும் கேட்டார். "இல்லையம்மா, சிரிச்சவா" என்றேன். அம்மா குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "அவாவுக்கு எங்களைக் கேக்கக் கூச்சம். எங்களுக்கு அவாவைக் கேக்கக் கூச்சம். இதுக்குள்ள நீயல்லோ பஸ் ஏறப் பாத்தனி" என்றார். அன்று மத்தியானம் எனக்கு முட்டை பொரித்துத் தந்தார்.

நேற்றுப் பின்னேரம் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். எங்கள் வயலில் களை மூடிவிட்டது. உன் அம்மாவிடம் கேட்க அம்மா போனார். நானும் கூடப் போனேன். உன் அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஈரக் கையாலேயே என் கன்னத்தைத் தொட்டார். நாளைக்கு வர முடியுமா என்று அம்மா கேட்டார். பிறகு கொஞ்சம் தடுமாறி, நான் இதுவரை அவர் வாயில் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்:

"நாள் கூலி எவ்வளவு எண்டு நீங்களே சொல்லுங்கோ, பாக்கியமக்கா."

"நீங்களே பாத்து குடுங்கம்மா" என்றார் உன் அம்மா, பழக்கத்தில்.

"இல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

உன் அம்மா பேசவில்லை. வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அமைதி நீண்டது. என் அம்மாவுக்கு அது பொறுக்காது என்று எனக்குத் தெரியும். தானே ஒரு தொகையைச் சொல்லி அந்த அமைதியை மூட அவர் வாயைத் திறந்தார். நான் அவருடைய முழங்கையைப் பிடித்து மெல்ல அழுத்தினேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். மூன்று பேரும் அப்படியே நின்றோம். வாளியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு உன் அம்மா நிமிர்ந்து ஒரு தொகையைச் சொன்னார். அம்மா, "சரி" என்றார்.

நீ சொல்லியிருந்தாயே, நான் வாயைத் திறக்கும்போது வந்து பார்ப்பதாக. நான் ஹெட்செட்டைக் கழற்றாமல் இதை எழுதுகிறேன். பஸ் போய்க் கனநேரம் ஆகிவிட்டது. உன் அம்மா இப்போது எங்கள் வயலில் நிற்கிறார். வேலைக்கு இறங்க முந்தியே கூலியைச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார். கனடா அக்காவின் இன்றைய முதல் ஓடர் வந்து கிடக்கிறது, ஐம்பது முறுக்குப் பெட்டி. இனி நான் பதில் போட வேண்டும். கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.